ஜெயங்கொண்டத்தில் நின்றுபோன எடிட்டர்

1

அம்மாவின் முதல் வருஷத் தெவசம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலையில் என் எடிட்டர் நின்றுபோனது. எடிட்டர் என்றால் பத்திரிகை ஆசிரியர் அல்ல. கணினியில் எழுத்துகளைத் திருத்த உதவும் ஒரு மென்பொருள். எனக்கு அது கடந்த பல வருடங்களாக ஒரு வாகனம் மாதிரி. இங்கே வடக்கு ஜெர்மனியில் ஒரு சின்ன டவுனில் சமையலறை மேஜையில் உட்கார்ந்துகொண்டு, அதில் ஏறி ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு அருகில் இருக்கும் என் அக்காவின் டிடிபி கடையில் போய் இறங்குவேன். கடையில் இருக்கும் பழைய லேப்டாப்பில் உள்ள கோப்புகளை, அவை என் மேஜையிலேயே இருப்பது போலத் திறந்து, திருத்தி, சேமித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவேன். இடையில் போகும் எல்லாமே பூட்டுப் போட்ட இணைப்பு வழியாகத்தான் போகும். வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. காதணி விழாப் பத்திரிகையை எட்டிப் பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்காதீர்கள்.

அன்று எடிட்டரின் அடியில் ஒரு வரி வந்தது. அந்தப் பக்கத்து இயந்திரம் தயார் என்று சொல்வதற்காகக் காத்திருக்கிறேன் என்று பொருள். காபி ஆறியது. எடிட்டர் காத்திருந்தது. பிழை என்று சொல்லித் திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவுமில்லை.

என் மனைவி சுமதி எட்டிப் பார்த்தாள். பெரம்பலூர் பக்கம் வேப்பந்தட்டைக்காரி. சின்ன வெங்காயம் விளைகிற மண்ணில் பிறந்ததாலோ என்னவோ, எதையும் ஒரு பேச்சில் உரித்துவிடுவாள்.

"என்னங்க, ஒங்க அக்கா பூட்டிட்டாங்களா?"

அதுதான் என் பயமும். அதை அவள் சொன்னதில் எனக்குக் கோபம் வந்தது.

2

நான் சிமெண்ட்காரன். ரெட்டிபாளையத்தில் சிமெண்டுத் தூசியைச் சுவாசித்துப் பரிசோதனைக்கூட வேலை கற்றுக்கொண்டு, அந்த அனுபவத்தைக் காட்டி இங்கே ஒரு சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக்கூடத்துக்கு வந்தேன். தூசி இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். இங்கே அதற்கு ஒரு முகமூடியும் ஒரு பயிற்சி வகுப்பும் உண்டு. சூளைக்குப் பக்கத்தில் இருக்கும் கருவிகளின் கணக்குக் கோப்புகளை அங்கே போகாமலே திருத்துவதற்காகத்தான் இந்த எடிட்டரைப் பழகினேன். பிறகு அதே வித்தையை அக்காவின் கடைக்கும் பயன்படுத்தினேன்.

அக்காவின் பெயர் செல்வி. மாமா போன பிறகு இரண்டு பையன்களையும் அந்தக் கடையை வைத்துத்தான் படிக்க வைத்தாள். மீன்சுருட்டியில் இருந்து தினமும் பஸ்ஸில் ஜெயங்கொண்டம் வந்து கடை திறப்பாள். பத்திரிகை, போஸ்டர், ஃப்ளெக்ஸ் எல்லாவற்றுக்கும் முதலில் வாசகத்தை என் பழைய லேப்டாப்பில் அடித்து வைப்பாள். நான் ப்ரூஃப் பார்ப்பேன். பிறகு அது பக்கத்தில் இருக்கும் டிசைன் மெஷினுக்குப் போகும். இந்த ஊரில் நான் படிக்கும் தமிழ் முழுவதும் இதுதான். ரெட்டிபாளையத்தில் யாரோ பணி ஓய்வு பெறுகிறார்கள். ஏலாக்குறிச்சித் திருவிழாவுக்கு யாரோ வேன் விடுகிறார்கள். உட்கோட்டையில் யாருக்கோ காது குத்துகிறார்கள், தாய்மாமன் பெயர் கொட்டை எழுத்தில் வர வேண்டும் என்கிறார்கள். ஊரில் இருப்பவர்களை விட எனக்கு ஊர்ச் செய்தி ஒரு நாள் முன்னதாகவே தெரியும்.

லேப்டாப்பை அக்காவுக்குக் கொடுத்தபோது அதில் ஆளுக்கொரு கணக்கு வைத்தேன். ஒன்றுக்கு அக்கா என்று பெயர், இன்னொன்றுக்குத் தம்பி. காலையில் கடை திறந்ததும் அவள் கருப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து ஒரு கட்டளை அடித்தால், முந்தின நாள் கோப்புகளுக்கு ஒரு நகல் போய்விடும். அந்த ஜன்னல் திறக்கும்போது "அக்கா, டீ குடிச்சாச்சா?" என்று கேட்கும்படி செய்து வைத்தேன். அவள் ஏதாவது அடித்து என்டர் தட்டினால்தான் மேலே போகும். அந்தக் கேள்வி எந்தக் கோப்பில் இருக்கிறது, எப்படி மாற்றலாம் என்றும் காட்டினேன். அக்கா ரொம்ப நாள் அதைக் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினாள்.

3

இப்போது சண்டையைச் சொல்லிவிட வேண்டும்.

அம்மாவின் கருமாதிப் பத்திரிகையை அக்காதான் அடித்தாள். வேறு யார் அடிப்பார்கள்? பேரப்பிள்ளைகள் வரிசையில் அவளுடைய இரண்டு பையன்கள் பெயர் இருந்தது. என் மகள் கயல் பெயர் இல்லை. "மற்றும் பேத்தி" என்று இருந்தது. அம்மா காரியத்துக்கு நான் மட்டும்தான் போயிருந்தேன், பத்திரிகையின் படத்தை சுமதிக்கு அனுப்பினேன். சுமதி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சின்னதாக்கிப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் பெயர் இல்லை. அக்காவிடம் கேட்கச் சொல்லி எனக்குப் போன் பண்ணினாள். நான் அக்காவிடம் நேரிலேயே கேட்டேன்.

அக்கா களைத்திருந்தாள். "அவளுக்குத் தமிழே வராது. பத்திரிகையில பேரு வந்து என்னத்தப் படிக்கப் போறாளாம்?" என்றாள்.

அதற்கு நானும் ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். இந்தக் குறிப்பை அக்கா படிப்பாள், மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கும்.

அதன் பிறகு பேச்சு இல்லை. போன் இல்லை. பொங்கலுக்குப் படம் இல்லை. ஆனால் கடை வேலை நின்றுவிடவில்லை. அவள் கோப்பை வைப்பாள். மேலே "அவசரம்" என்று ஒரு வரி இருக்கும். நான் திருத்திவிட்டு, அதை அழித்து "பார்த்தாச்சு" என்று எழுதுவேன். அம்மா வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு இடையில் மிச்சமிருந்தது இந்த இரண்டு சொற்கள். அவையும் நின்றுவிட்டால் ஒன்றுமே இல்லை என்பது எனக்குத் தெரியும். தினமும் அவள் கடைக்குள் போய்வருகிறேன் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் எடிட்டர் நின்றபோது எனக்கு அந்தப் பயம். போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போன் போட்டால் பேச வேண்டும்.

4

இந்த ஊரில் எனக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தது அலுவலகங்கள்தான். அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை.

வந்த புதிதில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். இல்லை என்றேன். எல்லோருக்கும் உண்டு என்றார் அங்கே இருந்த அம்மாள். கடைசியில் என் அப்பாவின் பெயரான கோவிந்தசாமியைக் குடும்பப் பெயராக எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து சுமதி திருமதி கோவிந்தசாமி. மாமனார் பெயரை வாயால் சொல்லாமலே வளர்ந்த குடும்பத்துப் பெண், டாக்டரின் கிளினிக்கில் "கோவிந்தசாமி" என்று கூப்பிட்டால் எழுந்து போக வேண்டியதாயிற்று. அலுவலகத்திலோ பெயரும் கிடையாது, எண்தான். திரையில் நம் எண் வரும், உள்ளே போக வேண்டும். வாங்க என்று யாரும் சொல்ல மாட்டார்கள், போங்க என்றும் சொல்ல மாட்டார்கள். எண் மாறும், நாம் எழுந்துவிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இது நடக்காது. வாசலுக்கு வந்தவரை "வாங்க" என்று ஒரு வார்த்தை கேட்காவிட்டால் கதை முடிந்தது. எங்கள் சித்தப்பா ஒருவர் ஒரு கல்யாணத்துக்குப் போனார். வாசலில் பத்துப் பேர் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார்கள். இன்னொருத்தர் கேட்டிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். சித்தப்பா உள்ளே போய் மொய் எழுதிவிட்டு, சாப்பிடாமல் திரும்பி வந்தார். அந்த வீட்டோடு இன்றுவரை கொடுக்கல் வாங்கல் இல்லை. என்ன தகராறு என்று கேட்டால், "வான்னு கேக்கலப்பா" என்பார்கள். கேட்டவரும் மேலே ஒன்றும் கேட்க மாட்டார், அதுவே போதுமான காரணம்.

இங்கே வந்த முதல் மாதம், ஊர்ப் பழக்கத்தில் உடன் வேலை செய்யும் ஒருவரைப் பார்க்கும்போதெல்லாம் "சாப்பிட்டாயா?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டேன். அவர் நின்று நிதானமாக உண்மையைச் சொன்னார். ரொட்டி இரண்டு, சீஸ், பாதி ஆப்பிள். மறுநாள் கேட்டபோது ஆப்பிள் இல்லை என்றார். மூன்றாம் நாள் எனக்கு ஒரு ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார். நான் பசியோடு இருக்கிறேன், சொல்ல வெட்கப்படுகிறேன் என்று மேலாளரிடமும் சொல்லியிருக்கிறார். அதோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். என்னிடமும் யாரும் கேட்பதில்லை. அம்மா இருந்தவரை போனில் கேட்டாள்.

5

செவ்வாய்க்கிழமை முறையாக ஆராய்ச்சியைத் தொடங்கினேன்.

முதலில், கடை லேப்டாப் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தேன். ஜெயங்கொண்டத்தில் கரண்டு போவது புதிதல்ல. இணையம் வழியாகக் குரல் கொடுத்தால் உடனே பதில் குரல் வந்தது. இருக்கிறது. கரண்டும் இருக்கிறது, இணையமும் இருக்கிறது. கரண்டு இருப்பதற்காக நான் வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்து பூட்டு. இந்த மாதிரி இணைப்பில் பாஸ்வேர்டு கிடையாது. என்னிடம் ஒரு சாவி, அந்தப் பக்கம் அதற்கான பூட்டு. அக்கா என் பூட்டை எடுத்துவிட்டிருந்தால், அனுமதி இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல ஒரு வரி வரும். வரவில்லை. அதில் கொஞ்சம் ஆறுதல். ஆனால் எடிட்டர் அப்படியே காத்திருந்தது.

புதன்கிழமை எடிட்டரைப் பேச வைத்தேன். செய்வதை எல்லாம் ஒன்று விடாமல் எழுதி வை என்று சொல்லலாம். எழுதியது. கதவைத் தட்டினேன், சாவியைக் காட்டினேன், ஏற்றுக்கொண்டார்கள், உள்ளே வந்துவிட்டேன், தயார் என்று சொல்வதற்காகக் காத்திருக்கிறேன். இதற்கு நடுவில் முன்னூற்று நாற்பது, இருநூற்று ஐம்பத்தாறு என்று சாய்வுக்கோடும் எண்களுமாக நீளமாக ஒரு குப்பை இருந்தது. கரண்டு ஏறி இறங்கும்போது இப்படி ஏதாவது வரும் என்று அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். இப்படி ஒரு கணினிக்குள் நுழைந்ததும் அது ஒரு சின்னக் குறியைக் காட்டும். தயார், என்ன வேண்டும் சொல் என்று அதற்கு அர்த்தம். எடிட்டர் அந்தக் குறிக்காகத்தான் காத்திருக்கிறது. அது வந்தால்தான் அடுத்த காரியம். வேறு எது வந்தாலும் அதற்குப் புரியாது.

ஆக, கதவு திறந்திருக்கிறது. என்னை உள்ளே விட்டிருக்கிறார்கள். ஆனால் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்தது. பூட்டியிருந்தால் கூடக் கோபம் என்று விட்டிருப்பேன். உள்ளே விட்டு, வா என்று கேட்காமல் நிறுத்தி வைப்பது அதைவிடப் பெரிய காரியம். அக்காவுக்கு அந்த அளவுக்குக் கணினி தெரியுமா என்று யோசிக்கவில்லை. அந்த அளவுக்கு அவமானப்படுத்தத் தெரியும் என்று மட்டும் யோசித்தேன்.

சுமதியிடம் சொன்னேன்.

"அவங்க அப்டி செய்ய மாட்டாங்க. கோவம்னா நேரா கேட்டுருவாங்க," என்றாள். ஒரு வருஷமாக அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தவள். "போன் பண்ணித் தொலைங்களேன்."

"அவ பண்ணட்டும்."

"அப்ப நில்லுங்க வாசல்லயே."

6

வியாழக்கிழமை, இணையத்தில் இந்த எடிட்டரைப் பயன்படுத்துகிறவர்கள் கூடிப் பேசும் இடத்தில் ஆங்கிலத்தில் கேட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் எந்த நாட்டில் இருந்தோ பதில் போட்டார். முகமன் இல்லாத பதில். அந்தப் பக்கம் நுழைந்ததும் ஏதோ பேசுகிறது, அதனால் எடிட்டர் குழம்பி நிற்கிறது, அந்தப் பக்கம் பேசுவதை நிறுத்து என்றிருந்தார்.

அந்தப் பக்கம் பேசுவதை நிறுத்தி மாதக்கணக்கில் ஆகிறது என்று எழுதினேன்.

அவர் அதைத் தொழில்நுட்பத் தகவலாக எடுத்துக்கொண்டார். அப்படியானால் எடிட்டரை விட்டுவிட்டு ஒரு தடவை கையால் நேராக நுழைந்து பார், என்ன வருகிறதோ அதைக் கண்ணால் படி என்று மறுபதில் வந்தது.

இதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். தொழில் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். உண்மை என்னவென்றால், நான் இத்தனை வருடத்தில் அக்காவின் கணினிக்கு நேர் வழியில் போனதே இல்லை. எப்போதும் எடிட்டர்தான் எனக்காக உள்ளே போய், கோப்பை எடுத்துவந்து என் முன்னால் வைக்கும். நான் அந்த வாசலில் நின்று பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை. கயல் எதிரே உட்கார்ந்து தமிழ்ப் பள்ளிக்குப் போகாமல் இருப்பதற்கு ஒரு காரணம் தயாரித்துக்கொண்டிருந்தாள். பதினாலு வயது. அவளுக்கும் தமிழுக்கும் இருக்கும் உறவு, எனக்கும் பல் டாக்டருக்கும் இருக்கும் உறவு. போனால் நல்லது, போக மனம் வராது. வீட்டில் தமிழில் கேட்டால் பெரும்பாலும் ஜெர்மனில்தான் பதில் சொல்வாள். அவளுடைய ஜெர்மன் பேச்சில் எனக்குப் பாதிதான் புரியும், மீதியை முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வேன். அவளும் என்னை அப்படித்தான் புரிந்துகொள்கிறாள் என்று நினைக்கிறேன்.

கருப்பு ஜன்னலைத் திறந்தேன். அக்காவின் கணினிப் பெயரையும் தம்பி என்ற என் கணக்கையும் அடித்தேன். சாவி ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிறகு ஒரு வரி வந்தது.

வாடா தம்பி. சாப்ட்டியா?

அதற்குப் பக்கத்தில் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. பதில் சொன்னால்தான் மேலே போகும் என்று எனக்குத் தெரியும். அந்த நிரலை எழுதியவன் நான்தான்.

நான் பதில் அடிக்கவில்லை. எடிட்டர் எழுதி வைத்த குறிப்பை இன்னொரு ஜன்னலில் திறந்து, நான் தாண்டிப்போன அந்தக் குப்பையைப் பார்த்தேன். கரண்டு ஏறி இறங்கியதால் வந்தது இல்லை. இந்த வரிதான். தமிழை எழுத்தாகக் காட்டத் தெரியாமல் எடிட்டர் அதை எண்களாக எழுதி வைத்திருந்தது. தமிழ் ப்ரூஃப் பார்ப்பவன் அதைக் குப்பை என்று தள்ளியிருந்தேன். அழுகை வந்தது. எனக்கு ஒவ்வாமை உண்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

கயல் கவனித்தாள். எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். அவள் படிப்பது மெதுவாக, எழுத்து எழுத்தாகக் கேட்டது.

"வா... டா... தம்... பி. சாப்... ட்டி... யா." பிறகு மொத்தமாக ஒரு தடவை. "வாடா தம்பி, சாப்ட்டியா. யாருப்பா இது?"

"அத்தை."

"கேக்குறாங்கல்ல? ஏன் பதில் சொல்லல?"

என்ன சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அவள் கையை நீட்டி ஆமாம் என்பதற்கான இரண்டு ஜெர்மன் எழுத்துகளை அடித்து என்டர் தட்டிவிட்டாள். கேள்வி தமிழில், பதில் ஜெர்மனில். இயந்திரம் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த கணம் அந்தச் சின்னக் குறி வந்தது. தயார், என்ன வேண்டும் சொல்.

7

அந்தப் பதில் எங்கும் சேமிக்கப்படாது. அக்காவுக்குப் போகாது. அப்படித்தான் எழுதியிருந்தேன், விளையாட்டுக்காகச் செய்தது. ஆகவே போன் போட வேண்டியதாயிற்று.

உடனே எடுத்தாள். பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். கும்பகோணம், கும்பகோணம் என்று யாரோ கூவினார்கள்.

"அக்கா."

"ம்."

"நான்தான்."

"தெரியுது. பேரு வருதுல்ல." பிறகு கொட்டினாள். "ஏண்டா, ஒரு வாரமா வாசல்ல நின்னுக்கிட்டு வாடா வாடான்னு கூப்புடுறேன். சாப்ட்டியான்னு கேக்குறேன். பதிலே சொல்ல மாட்டேங்குற. ஒரு ஃபைல தொடல. வச்சது வச்ச மாரி கெடக்கு. அவ்ளோ கோவமாடா ஒனக்கு? அம்மா தெவசம் வருது, இப்பயாச்சும் பேசுவோம்னுதான நானா எறங்கி வந்தேன்."

"அக்கா, எனக்குத் தெரியல அக்கா. வந்தது நான் இல்ல. எடிட்டரு. அதுக்குப் பதில் சொல்லத் தெரியாது. அப்டியே நின்னுருச்சு."

"எடிட்டரா?"

"ஆமா. அதுதான் உள்ள வந்து ஃபைல எடுத்துட்டு வரும். எப்பவும் அதுதான்."

அக்கா யோசித்தாள்.

"அப்ப இத்தன மாசமா என் கடைக்கு நெதம் வந்துட்டுப் போயிக்கிட்டு இருந்தது யாருடா? நான் நீதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"நீயா அந்தக் கேள்விய வச்ச?" என்று கேட்டேன், பேச்சை மாற்ற.

"நீ எனக்கு வச்ச ஃபைலத்தான் எடுத்து ஒன் ஃபோல்டர்ல போட்டேன். டீன்னு இருந்தத மாத்துனேன். அதுக்கே அர நாளாச்சு. ஒன்னுமே வரல, கடைசில வந்துச்சு." குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "சரி, இன்னிக்கி எப்படித் தெரிஞ்சுது?"

"நேரா வந்து பாத்தேன். கயல்தான் படிச்சா. அவதான் பதில் சொன்னா."

கும்பகோணம் வண்டி கிளம்பிப் போனது கேட்டது.

"படிச்சாளா?"

"எழுத்துக் கூட்டிப் படிச்சா."

"என்ன சொன்னா?"

"ஆமான்னா. ஜெர்மன்ல."

"நெஜமாவே சாப்ட்டாளா?"

"ரொட்டி சாப்ட்டா."

"ரொட்டி என்ன சாப்பாடு," என்றாள் அக்கா. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவளுக்கு ஒவ்வாமை கிடையாது. "புள்ளைட்ட போனக் குடு."

கொடுத்தேன். கயல் எனக்குப் புரியாத முகத்தோடு வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். "ம்", "ஆமா அத்தை", "இல்ல அத்தை" என்று கேட்டது. இடையில் ஒரு தடவை சிரித்தாள். அன்று அவள் தமிழ்ப் பள்ளிக்குப் போகவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

8

அன்று மாலை கோப்புகளைத் திறந்தேன். ஒரு வாரத்து வேலை தேங்கிக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் கீழே அம்மா என்ற பெயரில் ஒரு கோப்பு. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. மீன்சுருட்டிக் கடைத்தெருவில் வைக்கப்போகும் ஃப்ளெக்ஸுக்கான வாசகம். மேலே "அவசரம்" இல்லை. "பாத்து சொல்லு" என்று இருந்தது.

பேரப்பிள்ளைகள் வரிசையில் முதல் பெயர் கயல். அடுத்துதான் அக்காவின் பையன்கள். முறைப்படி இது தவறு. மூத்தவர் பெயர் முதலில் வர வேண்டும், அவர்கள் இரண்டு பேரும் கயலை விட மூத்தவர்கள். ஃப்ளெக்ஸைப் பார்க்கும் பங்காளிகள் கட்டாயம் கேட்பார்கள். இப்படி ஒரு வரிசை வேறு யாருடைய கோப்பில் இருந்திருந்தாலும் நான் மாற்றியிருப்பேன், அதற்குத்தான் நான் இருக்கிறேன். "பார்த்தாச்சு" என்று எழுதிச் சேமித்தேன். சுமதி என் தோளுக்கு மேலாக எட்டி இரண்டு தடவை படித்தாள். "பாவம், பசங்க என்ன நெனப்பாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

இனி அந்தக் கேள்வி. எடிட்டர் வேலை செய்ய வேண்டுமானால் அதை எடுத்துவிட வேண்டும். இணையத்தில் பதில் சொன்னவரும் அதைத்தான் சொன்னார். அக்காவிடம் போனில் கேட்டேன்.

"எடுத்த, கையை ஒடிச்சிருவேன்," என்றாள்.

அதனால் இரண்டு வரி சேர்த்தேன். வருவது எடிட்டரா மனிதனா என்று இயந்திரம் பார்க்கும். எடிட்டர் என்றால் ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டுவிடும். மனிதன் என்றால் நிறுத்திக் கேட்கும். உதவிய ஆளுக்கு நன்றி சொல்லி, பிரச்சினை தீர்ந்தது, அந்தப் பக்கம் இப்போது பேசுகிறது என்று எழுதினேன். அவர் ஒரு கேள்விக்குறி போட்டார்.

இப்போதெல்லாம் காலையில் எடிட்டருக்கு முன்னால் நான் ஒரு தடவை நேராகப் போய்வருகிறேன். அக்கா கேள்வியை மாற்றிக்கொண்டே இருக்கிறாள். வாடா தம்பி, குளுருதா? வாடா தம்பி, சுமதி பேசுனாளே, சொன்னாளா? ஒரு நாள், வாடா தம்பி, புள்ள என்ன பண்ணுது? நான் பதில் அடித்து என்டர் தட்டுகிறேன். அந்தப் பதில் இன்னமும் எங்கும் சேமிக்கப்படுவதில்லை. ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், அக்காவின் திரையில் போய் நிற்கும். தெரிந்தேதான் சேர்க்காமல் இருக்கிறேன். பதில் வேண்டுமென்றால் அவள் போன் பண்ணித்தான் ஆக வேண்டும்.

பண்ணுகிறாள்.